தொற்றுநோய் ஆய்வில் ஒரு பெண்மணியின் பயணம்

(ஜமாஅத் கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகளுக்கு நல்லுரை வழங்குமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அறிவுரைகளை நீங்கள் பள்ளியிலும் வீட்டிலும் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். ஆகையால் அறிவுரைக்கு மாற்றாக, தமிழகத்தில் வாழ்ந்து, தமிழகத்தின் தெருக்களிலேயே ஆய்வு செய்து, உலகப் புகழ் பெற்ற ஓர் அறிவியலாளரின் பணியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் டாக்டர் ககன்தீப் காங். குழந்தைகளைத் தாக்கும் தொற்றுநோய்களையும், அவற்றை எதிர்த்து உடல் எவ்வாறு காவல் அமைத்துக்கொள்கிறது என்பதையும் ஆராய்வதே அவர்தம் வாழ்நாள் பணி.

உடலுக்குள் ஒரு காவல்

நம் சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யப்படும் மருத்துவத் துணியை அறியாதவர் இங்கு இல்லை. காயத்தின் மீது கட்டும் அத்துணி வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால் நாம் உண்ணும் உணவோடும் பருகும் நீரோடும் உள்ளே புகுந்துவிடும் கிருமியை எந்தத் துணியாலும் தடுக்க இயலாது. அங்கே காவல் நிற்பது நோய் எதிர்ப்பாற்றல் ஆகும்.

இந்தக் காவலுக்கு ஓர் அரிய பண்பு உண்டு. அது நினைவாற்றல். புதிய கிருமி ஒன்று முதன்முறை நுழையும்போது, அதனை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்கி முடிக்க உடலுக்குப் பல நாட்கள் தேவைப்படுகின்றன. அதற்குள் நோய் முற்றிவிடக்கூடும். அதே கிருமி மறுமுறை வந்தால், முன்பு அதனைக் கண்ட வெள்ளணுக்கள் விரைந்து செயற்படுகின்றன. நோயின் துன்பம் இன்றியே இந்த நினைவை மட்டும் உடலுக்கு ஊட்டுவதுதான் தடுப்பு மருந்தின் வேலை. வெள்ளம் வருமுன் அணை போடு என்று நம் முன்னோர் கூறியதன் மருத்துவ வடிவம் இதுவே எனலாம்.

ஆனால் ஒரு நாட்டுக் குழந்தைக்கு நன்கு பயன்படும் மருந்து மற்றொரு நாட்டுக் குழந்தைக்கும் அதே அளவில் பயன்படுமா? எளிமையான கேள்வி. இதற்கு விடை காண வேலூரில் இரு தலைமுறை அறிவியலாளர்கள் உழைத்தார்கள்.

வேலூரில் எழுந்த கேள்வி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளரும் ஆவார். இளம்பிள்ளை வாதத்திற்கான சொட்டு மருந்தை மூன்று தவணை கொடுத்தால் போதும் என்பது மேலைநாடுகளின் அனுபவம். நம் குழந்தைகளுக்கும் அது போதுமா என்று அவர் சோதித்துப் பார்த்தார். மருந்து பெற்ற குழந்தைகள் பலருடைய இரத்தத்தில் எதிர்பார்த்த எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்பதை 1972ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. வேறு வைரஸ்களின் குறுக்கீடு இதற்குக் காரணமாகத் தோன்றவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. நம் நாட்டில் கூடுதல் தவணைகள் தேவை என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தி வந்தார்.

இந்த உண்மையின் முழு எடையும் பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் தெரிந்தது. 1995ஆம் ஆண்டு நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. மற்ற மாநிலங்களில் நோய் குறைந்துகொண்டே வந்தபோதும் உத்தரப் பிரதேசத்தில் அது அடங்கவில்லை. அங்கு ஒரு தவணை மருந்து ஒரு குழந்தைக்கு முதல் வகைப் போலியோவிலிருந்து பாதுகாப்பளிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே என்றும், நாட்டின் பிற பகுதிகளில் அது 21 விழுக்காடு என்றும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நெருக்கமான குடியிருப்பும், தூய்மைக் குறைவும், ஓயாத வயிற்றுப்போக்கும் உள்ள இடங்களில் மருந்து வலுவிழந்து போயிற்று. எனவேதான் ஒரே குழந்தைக்குப் பத்து முறைக்கும் மேலாகச் சொட்டு மருந்து கொடுக்க நேர்ந்தது.

பெரியோர்களே, இந்த இடத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். நம் சமுதாயத்தவர் மிகுதியாக வாழ்ந்த அப்பகுதிகளில், "ஏன் மீண்டும் மீண்டும் எங்கள் வீட்டுக்கே வருகிறார்கள்?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதற்குரிய விடை அறிவியலிடம் இருந்தது; ஆனால் அது அந்தத் தாயின் வாசலுக்கு உரிய காலத்தில் வந்து சேரவில்லை. விடை சொல்லப்படாத இடத்தில் வதந்தி குடியேறியது. பின்னர் உலமாக்களும் ஊர்ப் பெரியவர்களும் வீடு வீடாகச் சென்று விளக்கிய பிறகே பல கதவுகள் திறந்தன. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் குழந்தையோடு இந்தியாவில் அந்நோய் நின்றது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு இளம்பிள்ளை வாதம் அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது.

இரயில்வே ஊழியரின் மகள்

இனி ககன்தீப் காங் அவர்களின் கதைக்கு வருவோம். 1962ஆம் ஆண்டு சிம்லாவில் பிறந்தவர். தந்தையார் இரயில்வேயில் பொறியாளர்; தாயார் ஆசிரியை. தந்தையின் பணியிட மாறுதல்களால் ஏறத்தாழ பத்துப் பள்ளிகளில் படிக்க நேர்ந்தது. பன்னிரண்டு வயதில் தந்தையின் துணையோடு வீட்டிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார் என்று கூறுவர். அடிக்கடி ஊர் மாறியதால் படிப்பு கெட்டுவிட்டது என்று சொல்லும் பெற்றோர் இதனைக் கருத வேண்டும்.

வேலூரில் மருத்துவம் பயின்று 1987இல் எம்.பி.பி.எஸ். பட்டமும், 1991இல் நுண்ணுயிரியலில் எம்.டி. பட்டமும், 1998இல் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டஸ் என்னும் புகழ்பெற்ற வைரஸ் ஆய்வாளரிடம் பயிற்சி பெற்றார். அவர் விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆயினும் அவர் ஆராய விரும்பிய நோய் வேலூரின் தெருக்களில் இருந்தது. எனவே வேலூருக்கே திரும்பினார்.

அந்த நோய் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு. நுண்ணோக்கியில் சக்கரம் போலத் தோன்றுவதால் சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அந்த வைரஸ் பெயராகப் பெற்றது. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்பவர் தம் குழுவினரோடு அதனைக் கண்டறிந்தார். தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 78 ஆயிரம் குழந்தைகள் இதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. நம் ஊர்க் கூட்டங்களில் பத்துப் பேர் இறந்த விபத்தைப் பற்றிப் பல நாள் பேசுகிறோம். இந்த மரணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில் நிகழ்ந்ததால் எவரும் பேசவில்லை.

மூன்று தெருக்கள், 373 குழந்தைகள்

வேலூரில் சின்னல்லாபுரம், இராம்நாயக்கன்பாளையம், கஸ்பா என்று அடுத்தடுத்து அமைந்த மூன்று ஏழைக் குடியிருப்புகள் உள்ளன. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் நாம் காண்பதைப் போலவே பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கு மிகுதி. 2002ஆம் ஆண்டு முதல் அங்குப் பிறந்த 452 குழந்தைகளைப் பெற்றோரின் ஒப்புதலோடு ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் 373 குழந்தைகள் மூன்று ஆண்டுகள் முழுமையாகக் கண்காணிக்கப்பட்டனர்.

கண்காணிப்பு என்றால் எத்தகையது? களப் பணியாளர் வாரம் இருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் செல்வார். குழந்தை நலமாக இருந்தாலும் இரு வாரத்திற்கு ஒருமுறை மலம் சோதிக்கப்படும். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே கூடுதல் சோதனை. குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தமும் எடுக்கப்படும். மழையானாலும், திருவிழாவானாலும், வீட்டில் துக்கமானாலும் இந்த வருகை நின்றதில்லை. நாளிதழில் இடம்பெறும் பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் இத்தகைய சலிப்பூட்டும் ஒழுங்கு இருக்கிறது என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

அதன் முடிவு 2011இல் உலகின் முதன்மையான மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. அதற்கு முன் மெக்சிகோவில் 200 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1996இல் வெளிவந்திருந்தது. அங்கு இரண்டு முறை ரோட்டா வைரஸ் தொற்றிய குழந்தைக்கு மீண்டும் கடுமையான நோய் வரவே இல்லை. உலகமே அதனை நம்பி இரண்டு, மூன்று தவணைத் தடுப்பு மருந்துகளைத் திட்டமிட்டது. வேலூரிலோ, ஆறு மாத வயதிற்குள்ளேயே 56 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டுவிட்டது. மூன்று முறை தொற்றிய பிறகும் கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடு மட்டுமே. மெக்சிகோ குழந்தையின் உடல் இரண்டு பாடத்தில் கற்றுக்கொண்டதை, நம் குழந்தையின் உடல் மூன்று பாடத்திலும் முழுமையாகக் கற்கவில்லை. அறிவிற்குறைவல்ல இது, மிக இளம் வயதில், மிகுதியான கிருமிகளை, ஓய்வின்றி எதிர்கொள்ளும் உடலின் நிலை.

இந்த எண் வேறு எந்த நாட்டு ஆய்வுக்கூடத்திலும் கிடைத்திருக்காது. பீடி சுற்றும் கையை நிறுத்திவிட்டு, களப் பணியாளருக்குக் கதவு திறந்த தாய்மார்களாலேயே அது கிடைத்தது.

ஐந்து சொட்டு

1980களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே. பான் தலைமையிலான குழு, பச்சிளங்குழந்தைகளுக்குத் தொற்றியும் நோயை உண்டாக்காத ஒரு ரோட்டா வைரஸ் வகையைக் கண்டது. அதனைக் கொண்டு ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் 'ரோட்டாவேக்' என்னும் சொட்டு மருந்தை உருவாக்கியது. 2011இல் தொடங்கிய இறுதிக்கட்டச் சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. வேலூரில் அதனை நடத்தியவர் டாக்டர் காங்.

முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அம்மருந்து 56 விழுக்காடு தடுத்தது. ஐரோப்பாவில் அயல்நாட்டு மருந்தொன்று தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் பாதுகாப்பளித்திருந்ததால், இது போதுமா என்ற வினா எழுந்தது. வேலூர்த் தெருக்களின் கணக்கை அறிந்தவர்களுக்கு இந்த எண் வியப்பளிக்கவில்லை. நூறு குழந்தைகள் கடுமையாக நோயுறும் இடத்தில் ஐம்பத்தாறு பேரைக் காக்கும் மருந்து, ஒரு தவணை ஒரு டாலர் விலையில் கிடைக்கும் என்றால், அது பல்லாயிரம் உயிர்களின் விலை ஆகும். 2016இல் ஆந்திரம், அரியானா, இமாச்சலம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் ரோட்டா தடுப்பு மருந்து அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் 2017இல் வந்தது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

மருந்து வந்ததோடு ஆய்வு முடியவில்லை. குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் அரிய கோளாறு ஒன்று உண்டு. அதன் காரணமாகவே அமெரிக்காவில் ஒரு ரோட்டா தடுப்பு மருந்து 1999இல் திரும்பப் பெறப்பட்டது. நம் மருந்திலும் அந்த ஆபத்து உள்ளதா என்று பல மாநில மருத்துவமனைகளில் கண்காணித்தார்கள். அத்தகைய தொடர்பு காணப்படவில்லை என்ற முடிவு 2020இல் வெளியானது. டாக்டர் காங் அந்த ஆய்விலும் பங்கு கொண்டவர். தாம் ஆதரித்த மருந்தையே ஐயத்தோடு சோதிப்பது அறிவியலின் நேர்மை.

கைகூடாத முயற்சியும் ஒரு விடை

நம் குழந்தைகளிடம் சொட்டு மருந்து ஏன் வலுவிழக்கிறது? குடலில் உள்ள பிற நுண்ணுயிரிகள் காரணமாக இருக்கலாம் என்று கருதி, வேலூர்க் குழுவினர் குழந்தைகளுக்கு முதலில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்து, அதன் பின் போலியோ சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன; ஆனால் சொட்டு மருந்தின் பயன் கூடவில்லை. எதிர்பார்ப்பு பொய்த்தது. அதனை மறைக்காமல் 2016இல் வெளியிட்டார்கள். அந்த வழி அடைபட்டது என்று அறிவதும் அடுத்து வருபவர்க்கு உதவியே.

மற்றொரு முயற்சி கைகூடியது. ஏற்கெனவே பலமுறை சொட்டு மருந்து பெற்ற, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள சின்னல்லாபுரத்துக் குழந்தைகள் 450 பேர் அதில் பங்கேற்றனர். பாதிப் பேருக்குப் போலியோ ஊசி ஒரு தவணை போடப்பட்டது. பிறகு எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, ஏழாம் நாள் மலத்தில் வைரஸ் வெளியேறுகிறதா என்று பார்த்தார்கள். ஊசி பெறாதவர்களில் 26 விழுக்காட்டினர் மூன்றாம் வகை வைரஸை வெளியேற்றினர். ஊசி பெற்றவர்களில் 8 விழுக்காட்டினர் மட்டுமே. ஊசி போட்டால் குடலின் காவலும் வலுப்பெறும் என்பது தெளிவாயிற்று. 2014இல் இம்முடிவு வெளிவந்தது. 2015 நவம்பரில் இந்தியா தன் தடுப்பூசி அட்டவணையில் போலியோ ஊசியைச் சேர்க்கத் தொடங்கியது. இன்று நம் குழந்தைக்குச் சொட்டோடு ஊசியும் ஏன் என்று கேட்பவருக்கு விடை சின்னல்லாபுரத்தில் இருக்கிறது.

டாக்டர் காங் 2016 முதல் 2020 வரை அரியானாவின் பரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1660இல் தொடங்கப்பெற்ற இலண்டன் ராயல் சொசைட்டி 2019இல் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பணிபுரியும் பெண் அறிவியலாளர் ஒருவருக்கு அச்சிறப்பு கிடைத்தது அதுவே முதன்முறை. 2023இல் கேட்ஸ் அறக்கட்டளையில் பொறுப்பேற்றார். 2024இல் கனடாவின் கெய்ர்ட்னர் உலக சுகாதார விருது அவரை வந்தடைந்தது.

நமக்கு இதில் என்ன?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது கைப்பேசிகளில் பரவிய வதந்திகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெற்றோர் பலர் தயங்கினர். முகாமின் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. தயங்கிய பெற்றோரை அறிவிலிகள் என்று ஏசுவதால் பயன் ஏதும் இல்லை. கேள்வி கேட்பது உரிமை. ஆனால் கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய செய்தியிடம் கேட்கலாமா, அல்லது ஊர்ச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்கலாமா? ஜமாஅத்தும் இதில் கடமை ஆற்ற இயலும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரை அழைத்து, தாய்மார்கள் தயக்கமின்றிக் கேட்கவும் விடை பெறவும் ஓர் அமர்வை ஏற்படுத்தலாம்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். தூய நீர் அருந்தும் வீட்டுக் குழந்தைக்கும் ரோட்டா வைரஸ் தொற்றும். தடுப்பு மருந்து கொடுத்த பிறகும் சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை நோய் நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுங்கள். குழந்தை சோர்ந்து கண் உள்வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாணவ மாணவியரே, உயிரியல் படித்தவருக்கு மருத்துவர் ஆவது ஒன்றே வழி என்றும், நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், புள்ளியியல் ஆகிய எந்தப் பட்டப்படிப்பின் வழியாகவும் இந்தத் துறைக்குள் வரலாம். வேலூர் ஆய்வில் மலத்தைச் சோதித்தவரும், எண்களைக் கணக்கிட்டவரும், வீடு வீடாக நடந்தவரும் இல்லாமல் அந்த 79 என்ற எண் பிறந்திருக்காது. முதுநிலைப் பட்டத்திற்குப் பின் தேசியத் தகுதித் தேர்வில் வென்றால் உதவித்தொகையுடன் முனைவர் பட்டம் பயிலலாம். சென்னையில் காசநோய்க்கும் தொற்றுநோய்ப் பரவலியலுக்கும், புதுச்சேரியில் கொசுவழி நோய்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. நமக்கு அண்மையில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன், காசநோய் சிலரை மட்டும் வீழ்த்துவதற்கு மரபணு காரணமாகுமா என்று தென்தமிழகத்து மக்களிடமே ஆராய்ந்தார். நம் மாவட்டத்திலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுப் படிப்பு நீண்டது. டாக்டர் காங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1980களின் தொடக்கத்தில். அவருடைய உழைப்பின் பலன் நம் சுகாதார நிலையத்தை ஐந்து சொட்டாக வந்தடைந்தது 2017இல். இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள். பெண் பிள்ளை முதுநிலைப் பட்டம் முடித்ததும் "இனி என்ன படிப்பு?" என்று கேட்காதீர்கள். அவளுடைய கேள்வி எது என்று கேளுங்கள். நம் வீட்டுக் குழந்தைகளைப் பற்றிய கேள்விக்கு விடை தேட, நம் தெருவை அறிந்த பிள்ளைகளே தகுதியானவர்கள்.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளில் ஒருவரேனும் அந்த நீண்ட பணியை மேற்கொள்வாராயின், இந்த விழா தன் நோக்கத்தை அடைந்ததாகக் கருதுவேன்.